அம்மிக்கல் நிறத்தில் ஒரு பியட்

சுந்தரம்மாளுக்குப் பிறந்த ஊர் பழனிப் பக்கம் கீரனூர். திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததில் பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. வாரேன், போறேன், அம்புட்டுத்தான் என்று சாதாரணமாகப் பேசுவாள். யாரிடமாவது ஒரு காரியம் சாதிக்க வேண்டியிருந்தால் மட்டும் கீரனூர் வந்து அவள் நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். "ஏனுங்க" என்று அவள் ஆரம்பித்துவிட்டால், எதிரில் இருப்பவர் தன் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. காய்கறி மண்டிக்காரர்களுக்கு இது தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் தெரியும். கட்டிய கணவர் கருப்பணனுக்குத்தான் கல்யாணமாகி, மகன் பிறந்து வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும் பிடிபடவில்லை.

கருப்பணனுக்கு நாகல்நகரில் ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். வீட்டின் பின்கட்டு சுந்தரம்மாளின் சமையல்கூடம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வங்கி ஊழியருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதில் தொடங்கியவள், வேடசந்தூர்ப் பக்கம் இருந்த ஒரு நூற்பாலையின் அலுவலகம் முழுவதற்கும் மதியச் சாப்பாடு அனுப்பும் அளவுக்கு 2007 வாக்கில் வளர்ந்திருந்தாள். குழம்பு, ரசம், இரண்டு வெஞ்சனம், வெள்ளிக்கிழமை பாயசம். சமையலில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் பஸ்ஸில் இருந்தது. கேரியர்களை ஏற்றிக்கொள்ளும் கண்டக்டர் அவற்றைக் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் வைப்பார். கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் ஏறினால் கேரியருக்கு இடமிருக்காது. ஒருநாள் ரசம் சிந்தி ஒரு மாப்பிள்ளை வீட்டு அத்தையின் பட்டுப்புடவையில் இறங்கிவிட்டது. ரசம் எவ்வளவு காரம் என்பதை அந்த அத்தை இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தாராம். மில் மேனேஜர் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குப் பிறகும் சாப்பாடு பஸ்ஸில்தான் வரும் என்றால் வேறு மெஸ் பார்த்துக்கொள்வோம் என்றார்.

வீட்டில் ஒரு கார் இருந்தது. கருநீல பியட். அது கருப்பணனுடைய கார் என்பதுதான் சிக்கல்.

அந்தக் காரை அவர் ஓட்டுவதைவிடத் துடைப்பதே அதிகம். கடைத்தெருவின் புழுதி அதன்மேல் படக்கூடாது என்று கடைக்கு மொபெட்டில் போவார். பழனிக்கும் நெருங்கிய சொந்தத்தின் கல்யாணத்துக்கும் மட்டுமே கார் வெளியே வரும். காலையில் குளித்துவிட்டு வந்து பானெட் முன்னால் குனிந்து நின்று, அதில் தெரியும் முகத்தைப் பார்த்துத்தான் தலை வாருவார். வீட்டுக்குள் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதில் முடி கொட்டுவது தெரிகிறது என்று அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

காரில் சாப்பாடு ஏற்றலாமா என்று கேட்டதற்கு, சாம்பார் வாடை ஏறினால் இறங்காது என்றார். தானே கற்றுக்கொண்டு ஓட்டுகிறேன் என்று சுந்தரம்மாள் சொன்னபோது சிரித்தார்.

"கியர் போடுறது தோசை திருப்புற மாதிரின்னு நெனச்சியா? இத்தன வருசத்துல இந்த வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்பம். உன் கையில குடுத்தா ஒரே வாரத்துல டப்பாவாக்கிருவ."

 சுந்தரம்மாள் மறுநாளே பேகம்பூருக்குப் போய்க் கமர்ஜஹானைப் பார்த்தாள்.

கமர்ஜஹானும் அவள் கணவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கமர்ஜஹான். அவளிடம் கற்று, ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டி, சுந்தரம்மாள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதை உளுந்து டப்பாவில் போட்டு வைத்தாள். கருப்பணன் சாப்பிடுவதற்கு மட்டுமே அடுப்படிக்கு வருபவர் என்பதால் அந்த டப்பாவைவிடப் பத்திரமான இடம் ஊரில் கிடையாது. பியட்டின் கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும், அது வேறு மாதிரி, கைக்குப் பழக வேண்டும் என்றாள் கமர்ஜஹான். பூட்டுக்குப் பேர்போன ஊரில் கார் சாவிக்கு ஒரு ஜோடி வெட்டுவது பெரிய வேலையா? கருப்பணன் கடைக்குப் போன பிறகு, சமையல் முடிந்து கேரியர்கள் பஸ் ஏறிய பிறகு, இருவரும் பியட்டை எடுத்துக்கொண்டு சாணார்பட்டி ரோட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் டயரைக்கூட ஈரத்துணியால் துடைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதல் ஒடுக்கு வீட்டு வாசலிலேயே விழுந்தது. பின்னால் எடுக்கும்போது கேட் கல் இடப்பக்கப் பின் மட்கார்டில் ஒரு முத்தம் வைத்தது. இரண்டாவதற்கு அவள் பொறுப்பில்லை. சாணார்பட்டி ரோட்டில் ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் மாடு ஒன்று நிதானமாக வந்து, இடப்பக்கப் பின்கதவில் சாய்ந்து, தன் விலாவைச் சொறிந்துகொண்டது. மாடு போன பிறகு கதவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி.

"அக்கா, சாமி மாடு. நல்ல சகுனம்தான்" என்றாள் கமர்ஜஹான்.

"சகுனத்தை நீ வந்து அவருகிட்டச் சொல்லு" என்றாள் சுந்தரம்மாள்.

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் அவள் பக்கம் இருந்தது. கொய்யா மர நிழல் வேண்டும் என்று சொல்லிக் கொஞ்ச நாளாகவே கருப்பணன் காரின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். தினமும் துடைப்பது பானெட்டும் வலப்பக்கமும்தான். இடப்பக்கத்தின் முன் மட்கார்டில் பெரிதாக ஒரு வேல் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார். வயசு ஏற ஏற மனுஷனுக்குப் பக்தி வருகிறது என்று சுந்தரம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் காரைக் கழுவ வெளியே நகர்த்தும் நாளில் எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தால் சாவி இரும்புப் பெட்டிக்குள் போகும். மில்லும் போகும்.

வழி அவளுக்கு அடுப்படியில் கிடைத்தது. புது எவர்சில்வர் குண்டானில் ஒரு கரண்டி விழுந்தாலும் ஒடுக்கு பத்தடி தூரத்துக்குத் தெரியும். பழைய அலுமினியச் சட்டி உடம்பெல்லாம் ஒடுங்கியிருந்தாலும் மங்கலாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. காட்டிக்கொடுப்பது பளபளப்புதான், ஒடுக்கு இல்லை என்று அவளுக்கு உறைத்தது. இதைச் சொன்னபோது கமர்ஜஹான் சற்று யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தாள். துபாயில் வேலை பார்க்கும் அவள் தம்பி, முதலாளியின் காரோடு நின்று எடுத்தது. கார் சிமெண்ட் பூசியது போல இருந்தது. துளி மினுக்கம் இல்லை.

"இது பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தி எடுத்ததா?" என்று கேட்டாள் சுந்தரம்மாள்.

"அடிச்சதே இப்பிடித்தான்க்கா. மேட் பினிஷ்னு பேரு. அங்க இதுதான் மவுசு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் போட்டோ தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏனுங்க, துபாயில பெரிய மனுசங்கல்லாம் இப்ப மின்னுற காரைத் தொடறதே இல்லீங்களாமா."

ஒரு வாரமாவது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணி, வாதங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். கருப்பணன் போட்டோவை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மோரை ஒரு வாய் குடித்தார். நல்லாத்தான் இருக்கு, நாமளும் அடிச்சிருவோம் என்றார். வாதங்கள் வீணாய்ப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பட்டறையில் விட்டால் கண்டவன் கை படும், நம் கடையில் இல்லாத பெயிண்டா, வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் சரி என்றுவிட்டாள். பட்டறைக்காரர் ஒடுக்கு எடுக்கிறேன் என்று கிளம்பினால் வம்பு.

ஆடிக் காற்று அடங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு கடையிலிருந்து கம்ப்ரெசரும் ஸ்பிரே கன்னும் வீட்டுக்கு வந்தன. பழைய பெயிண்டை எமரி பேப்பரால் தேய்த்து எடுப்பது முதல் வேலை. யார் எந்தப் பக்கம் என்ற பேச்சு வந்தது.

"முன்பக்கம் பூரா நான் பாத்துக்கிறேன்" என்றார் கருப்பணன் அவசரமாக.

"பின்பக்கம் பூரா நானு" என்றாள் சுந்தரம்மாள், அதைவிட அவசரமாக.

இருவரும் நிம்மதியாகத் தேய்க்க உட்கார்ந்தார்கள். பாத்திரம் தேய்த்துப் பழகிய கை என்பதால் அவள் பக்கம் சீக்கிரம் முடிந்தது. குழிகளை நிரப்பப் பட்டிமாவை அப்பி, தோசை வார்ப்பது போல வட்டமாக இழுத்துவிட்டாள். முன்பக்கத்தை எட்டிப் பார்த்தபோது கருப்பணன் வேல் ஸ்டிக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவா என்றார். இஞ்சி வீட்டில் இல்லை என்றதற்கு, கடைக்குப் போய் வாங்கிவந்து போடு, அவசரமே இல்லை என்றார். இவ்வளவு தன்மையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

கண்ணாடிகளில் பெயிண்ட் படாமல் இருக்கச் செய்தித்தாள் ஒட்ட வேண்டியிருந்தது. கடையில் டேப் இருந்தது. கருப்பணன் அது விற்கிற சரக்கு என்றார். சுந்தரம்மாள் மைதா காய்ச்சிப் பசை எடுத்தாள். மறுநாள் காலையில் எறும்புகள் செய்தித்தாளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டிவிட்டு, புழுதி கிளம்பாமல் முற்றத்தில் தண்ணீர் தெளித்து, காரைச் சுற்றிப் பழைய சேலைகளை நனைத்துக் கொடியில் கட்டினார்கள். கருப்பணன் சாம்பல் நிறப் பெயிண்டில் பளபளப்பை அடக்கும் கலவையைச் சேர்த்துக் கலக்கி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் கார் முழுக்க அம்மிக்கல் நிறம். கொய்யா மரத்திலும் பாதி அந்த நிறம். பக்கத்து வீட்டுச் சோலையம்மாளின் வெள்ளைச் சேவல் சேலைக்கு அடியில் நுழைந்து வந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. வலப்பக்கம் வெள்ளையும் இடப்பக்கம் சாம்பலுமாக வீட்டுக்குப் போனது.

"ஏப்பா கருப்பணா, சேவலுக்கும் சேத்தா அடிச்ச?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்டார் சோலையம்மாள்.

கார் காய்ந்ததும் இருவரும் தனித்தனியாக ஒருமுறை சுற்றி வந்தார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு திருப்தியான முகத்தோடு அந்த வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் இருந்து நாளாகிவிட்டது.

தொல்லை வெளியிலிருந்து வந்தது. பிரைமர் என்கிற அடிப்பூச்சை மட்டும் அடித்துவிட்டுக் கார் சும்மா நிற்கிறது என்றே ஊர் நினைத்தது. எப்போ பெயிண்ட் அடிக்கப் போகிறாய் என்று சோலையம்மாள் தினம் கேட்டார். மேட் பினிஷ் என்று கருப்பணன் விளக்கினார். அது சரிதான், பெயிண்ட் எப்போ என்றார் அவர். பெயிண்ட் கடைக்காரன் காருக்கே பெயிண்ட் இல்லை என்று நாகல்நகரில் ஒரு பேச்சு ஓடியது. ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவரைத் தனியே கூட்டிப்போய், வியாபாரம் ஒன்றும் மோசமில்லையே என்று கவலையோடு விசாரித்தார். கருப்பணன் தலை வாருவதற்கு வீட்டுக்குள் இருந்த கண்ணாடிக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சுந்தரம்மாளுக்கு அடுத்த திட்டம் தயாராக இருந்தது. விஜயதசமி அன்று எதைத் தொடங்கினாலும் நன்றாக வரும் என்பது ஊரறிந்தது. அன்று காலையில் கணவர் கண்முன்னால் காரில் உட்கார்ந்து, முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவள் போல் தொடங்கிவிடலாம். நல்ல நாளில் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தீபாவளிக்குள் கற்று முடித்ததாகக் காட்டிவிடலாம். இதற்காக ஒரு வாரம் கமர்ஜஹானிடம் மோசமாக ஓட்டப் பழகினாள். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியை நிறுத்துவது, கியரைத் தேடுவது, பிரேக் எது என்று கேட்பது. ஒழுங்காகக் கற்றுக்கொண்டதைவிட இது கஷ்டமாக இருந்தது.

ஆயுத பூசை அன்று கருப்பணன் வழக்கம்போல் காருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். பானெட்டில் விபூதிப் பட்டை, நான்கு கதவிலும் நான்கு மட்கார்டிலும் சந்தனம் வைத்து மேலே குங்குமம். சந்தனம் நிற்பதற்காக இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பது அவர் அப்பா காலத்து வழக்கம். எல்லா வருஷமும் மறுநாள் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அப்போது அது பளபளக்கிற கார்.

விஜயதசமி காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் விபூதி போனது, சந்தனம் போனது. வைத்த இடத்திலெல்லாம் எண்ணெயும் குங்குமமும் ஊறிய கறை மட்டும் போகவில்லை. கருப்பணன் பழைய பழக்கத்தில் பாலிஷ் டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். சுந்தரம்மாள் பூசைக்கு நறுக்கிய எலுமிச்சைத் தோலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். குத்துவிளக்கையே பொன்னாக்குகிற முறை அது. முன்பக்கம் உன்னுது, பின்பக்கம் என்னுது என்று இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவரவர் இடப்பக்கத்தில் அவரவர் இடத்துக்குத்தான் முதலில் போனார்கள்.

கறை போனது. கூடவே மங்கலும் போனது. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் பளபளவென்று வந்தது. பின்கதவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மின்னியபோது சுந்தரம்மாள் கையை நிறுத்தினாள். கிழக்கு வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மாடு சாய்ந்த குழியும் அதில் தான் வார்த்த தோசையும் நெளிநெளியாகத் தெரிந்தன. அவள் முகம் அதில் பூசணிக்காய் போல வீங்கித் தெரிந்தது.

முந்தானையை அதன்மேல் படரவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். கருப்பணன் முன் மட்கார்டின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அப்படி அவர் காரில் சாய்ந்து அவள் பார்த்ததே கிடையாது.

"என்ன, அங்கேயே நிக்கிற?" என்றார் அவர்.

"நீங்க ஏன் சாஞ்சுக்கிட்டு நிக்கிறீக?"

"கால் வலி."

காற்று அடித்து முந்தானை விலகியது. கருப்பணன் குனிந்து பார்த்தார். பார்த்ததும், தான் மறைத்துக்கொண்டிருந்ததை மறந்து இரண்டடி நகர்ந்து வந்தார். வேல் ஸ்டிக்கர் இருந்த இடம் வெயிலில் திறந்துகொண்டது. அங்கே பட்டியும் பூச்சுமாக ஒரு பெரிய அலை அடித்திருந்தது.

 சுவருக்கு மேல் இருநிறச் சேவல் வந்து உட்கார்ந்தது.

"இது என்னது?" என்றார் கருப்பணன்.

"மாடு."

"மாடா?"

"சாணார்பட்டி ரோட்டுல. நிறுத்தித்தான் வச்சிருந்தேன். அதுவா வந்து சாஞ்சுச்சு." சாணார்பட்டி ரோட்டுக்கு நீ எப்போ போனாய் என்று அவர் கேட்பதற்குள் அவள் மட்கார்டைக் காட்டினாள். "அது?"

கருப்பணன் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"புளியமரம்" என்றார் கடைசியில். "பழனிக்குத் தனியாப் போனப்ப ஒட்டன்சத்திரத்துல இளநி குடிக்க எறங்குனேன். ஹேண்ட் பிரேக் போட்டேன்னுதான் நெனப்பு. நான் ஓட்டல. அதுவா போயி முட்டிருச்சு."

"அதுவா."

"ஆமா, அதுவா."

சுந்தரம்மாளுக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. கொய்யா மர நிழல், திடீர்ப் பக்தி, இஞ்சி டீ, ஒரே வாய் மோரில் சம்மதித்த மேட் பினிஷ். தன் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்து உள்ளுக்குள் சிரித்ததெல்லாம் அவருடைய அவசரம். அவளுக்கு முதலில் வந்தது கோபம். சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"உங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான். உனக்கு?"

கேட் கல்லைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. பின் மட்கார்டில் அவள் கை படவேயில்லை.

"எனக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

கருப்பணன் சுற்றுமுற்றும் பார்த்தார். சோலையம்மாள் இல்லை, சேவல்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமுங்க. கடைத்தெருவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

அவர் வாயில் அவள் ஊரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சுந்தரம்மாள் தன்னையறியாமல் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வெட்டிய சாவி அதில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் கண்முன்னால் காட்டினாள். அவர் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வாசல் கேட்டைத் திறந்துவிடப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கமர்ஜஹான் உள்ளே வந்தாள். ஒத்திகை பார்த்தபடி முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "அக்கா, பயப்படாம உக்காருங்க. மொதல்ல கிளட்சு எதுன்னு காட்டுறேன்" என்றாள். பிறகு இருவர் முகத்தையும் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. சுந்தரம்மாள் ஏறி உட்கார்ந்து, ஒரு வாரமாகப் பழகிய திணறலையெல்லாம் மறந்து, வண்டியை நழுவவிட்டாள். பழங்கள் சத்தமில்லாமல் நசுங்கின. கேட் கல்லை உரசாமல் ஒரு சாண் விட்டு அவள் திருப்பியதைக் கருப்பணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரம் மில்லுக்குச் சாப்பாடு காரில் போனது. கேரியர்கள் பின்சீட்டில், ரசத் தூக்கு மட்டும் முன்சீட்டில் தனியாக, நனைத்த துண்டு சுற்றி. வேடசந்தூருக்குப் போகிற வழியில் நாகல்நகர் இல்லை. இருந்தாலும் சுந்தரம்மாள் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போய், ஹார்டுவேர் கடை முன்னால் ஒரு ஹாரன் அடித்தாள். சந்தன இடங்களில் இடப்பக்கப் பின் மட்கார்டு மட்டும் கறையோடு இருக்க, மற்ற ஏழும் வெயிலில் ஏழு கண்ணாடி போல மின்ன, அம்மிக்கல் நிற பியட் கடையைத் தாண்டிப் போனது.

தாழ்ப்பாள் வாங்க வந்திருந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது உங்க வண்டிதான? பெயிண்ட் எப்பண்ணே அடிக்கப் போறீக?"

"எனக்கென்ன தெரியும்" என்றார் கருப்பணன், தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. "ஓட்டுறவுகளக் கேளுங்க."